இசக்கியம்மாளின் கேள்வியை எடுத்தது யார்?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சந்திரிகா அம்மையார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் சாய்நாத் அவர்களே, தாய் இசக்கியம்மாளை இழந்து நிற்கும் தம்பி ஜவஹரே, கோல் ஊன்றியும் பிள்ளைகளின் தோளைப் பிடித்தும் வந்திருக்கும் என் வயதுக்காரர்களே! நான் ஊரூர் குப்பத்து எல்லப்பன். இந்தத் தாளில் இருப்பதை நானே நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். அழுவதற்காக எழுதவில்லை. எனக்குக் கோபம்!

நம் நோயாளர் குழுவின் செயலாளர் இசக்கியம்மாள் யார்? தி.நகர் பாத்திரக் கடையில் முப்பது வருடம் நின்ற கால் அவருடையது. அந்தக் காலோடுதான் போன வருடம் ஆராய்ச்சிக்காரர்கள் நடத்திய அடையாறு கூட்டத்துக்கு வந்தார். முதுமையில் உடல் தளர்வதைப் பற்றி எதை ஆராய வேண்டும் என்று நோயாளிகளே சொல்லலாம் என்றார்கள். சுவரில் நாற்பது கேள்விகளை ஒட்டி, ஆளுக்கு ஐந்து பொட்டு கொடுத்து, முக்கியமான கேள்விக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள்.

அன்று டாக்டர் சாய்நாத் மாத்திரை அது இது என்று விழாமல் இருக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார். இசக்கியம்மாள் எழுந்தார்.

"விழாதீங்க, விழாதீங்கன்னு சொல்லுதிய. நான் விழுந்துட்டேன். வீட்ல ஆளில்ல. இப்போ எப்படி எந்திரிக்க? அதச் சொல்லுங்க!"

பின்வரிசையிலிருந்து ஹனீஃபா பாய் குரல் கொடுத்தார். "கீய வுயுந்து கீறவன் கைல மாத்திரய குட்த்தா இன்னா பண்ணுவான் நைனா?"

கூட்டமே சிரித்தது. சிரித்த கையோடு அதையும் எழுதிச் சுவரில் ஒட்ட வைத்து, முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேர் அந்தக் கேள்விக்குப் பொட்டு வைத்தோம். அதுதான் முதல் கேள்வி. மறுக்க யாராவது உண்டா?

ஒரு மாதம் கழித்து, அச்சடித்த பட்டியலோடு என்னிடம் வந்தார்கள். நோயாளிகளின் பிரதிநிதி என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஐயா, எழுபத்தோரு வயது வரை கைநாட்டு வைத்தவன் நான்! மாநகராட்சிப் பள்ளி மாலை வகுப்பில் எழுத்துக் கற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மை படாத கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, 'எல்லப்பன்' என்று ஆறு எழுத்தையும் போட்டேன். மேலே என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தும் படிக்கவில்லை!

பட்டியல் இசக்கியம்மாள் கைக்குப் போனது. அவருடைய கேள்வி அதில் இல்லை. அந்த இடத்தில் எலும்பு மாத்திரை பற்றி ஒரு கேள்வி இருந்தது. குப்பம் வரை நடந்து வந்தார்.

"ஏன் அண்ணாச்சி, எழுத்தப் படிச்சிட்டு கண்ண மூடிக்கிட்டியளா?"

"தப்பு பண்ணிட்டேம்மா. இன்னா வேணா திட்டு."

"திட்டி என்ன செய்ய? வாங்க, போய்க் கேப்போம்."

இருவரும் போனோம். டாக்டர் சாய்நாத் அவர்களே, நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அது வீட்டு விஷயம்மா, ஆராய்ச்சி இல்லை. உங்க பிரதிநிதியே கையெழுத்துப் போட்டுட்டாரே!" என்றீர்கள். என் பெயரைக் கொண்டே அவர் வாயை அடைத்தீர்கள்! அப்படியானால் எங்களை எதற்குக் கூப்பிட்டீர்கள்? அறிக்கையில் புகைப்படம் போடவா?

பதினாறு நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு இசக்கியம்மாள் சமையலறையில் விழுந்தார். ஜவஹர் கடையிலிருந்து வரும்போது மாலை நாலு. எட்டு மணி நேரம் தரையில்! எலும்பு ஒன்றும் முறியவில்லை என்றார்கள் மருத்துவமனையில். விழுந்ததால் அல்ல, எழ முடியாமல் கிடந்ததால்தான் சிறுநீரகம் போனதாம். மூன்றாம் நாள் அவரும் போனார். இது வீட்டு விஷயமா டாக்டர்?

அந்தக் கேள்வியைப் பட்டியலிலிருந்து எடுத்தவர் நீங்கள். எடுக்க விட்டவன் நான். இதை இருவரும் சுமப்போம்.

அவர் வேலையை விடமாட்டோம் என்று சும்மா சொல்லிவிட்டு இறங்க நான் வரவில்லை. வரும் வியாழக்கிழமை உங்கள் அடுத்த கூட்டம். நாற்காலி போட வேண்டாம். மீதமிருக்கும் முப்பத்தோரு பேரும் தரையில் உட்காரப் போகிறோம். முட்டி மடங்காதவர்களைப் பிடித்து உட்கார வைப்போம். நீங்கள் புதுப் பட்டியல் எழுதுங்கள். எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாக நான் படித்த பிறகே கையெழுத்து. பிறகு எழப் பார்ப்போம். எங்களில் பாதிப் பேரால் முடியாது. யாரும் கை கொடுக்க வராதீர்கள். நின்று பாருங்கள் டாக்டர், அதுதான் அவருடைய கேள்வி!