கடைசித் தெருத் தண்ணீர்

ஹலோ... ஹலோ, அண்ணா, நான்தான்... ஆமா, ஆமா, மீட்டிங்ல இருப்பேன்னு தெரியும். வச்சிடாதே. இப்ப உன் தங்கச்சியா பேசல, சுகாதார ஆய்வாளரா பேசறேன். கடைசித் தெருவுக்குத் தண்ணி விடாதேன்னு உங்க ஆளுகிட்ட சொல்லு... நாளைக்கு இல்லண்ணா, இப்பவே! குடத்தோட எல்லாரும் வந்து நிக்கறாங்க.

எதுக்கா?... தையல்காரர் சம்சாரம் காலையில போயிட்டாங்க... காலராதான். வேறென்ன? ஆஸ்பத்திரியில கட்டில் இல்லாம வராண்டாவுல பாய் விரிச்சிருக்கோம். அத்தனை பேரும் இந்த ஒரே தெரு... ஆமா, ஆமா, கை கழுவல, சுத்தம் பத்தல. சொல்லு, சொல்லு. பக்கத்துத் தெருக்காரங்க மட்டும் சோப்புலயே குடித்தனம் பண்றாங்களாக்கும்!

அவங்களுக்குப் பழைய குழாய்ண்ணா. இந்தத் தெருவுக்குத்தான் நீ போட்ட புதுசு. சாக்கடைக்குள்ளயே இறக்கியிருக்கீங்க. இணைப்பு விட்டுப்போச்சு. தண்ணி நின்னா சாக்கடை உள்ள போகுது... யாரும் வந்து சொல்லல, நானே குனிஞ்சு பார்த்தேன்.

என்னது, சாம்பிள் சுத்தமா வந்துச்சா?... என்கிட்டயேவா கதை விடறே? நாங்க வர்ற நாளை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்றோம். பெரிய மரியாதை! அன்னிக்குக் காலையில உங்க ஆளு பிளீச்சிங் பவுடரை மூட்டையோட தொட்டியில கவிழ்க்கறான். அப்புறம் சுத்தமா வராம என்ன பண்ணும்? முகத்துக்கிட்ட கொண்டு போனா கண்ணு எரியுது, அவ்வளவு சுத்தம்... ஆமா, எங்க ஆபீஸுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போடறாங்க. த்தூ!

உன் வேலை போயிடுமா?... போகட்டும்... ஆமாண்ணா, வாய் கூசாமத்தான் சொல்றேன்... அண்ணியை எதுக்கு இழுக்கறே? உன் வீட்டுல கேன் தண்ணி. குழாய்த் தண்ணியில அண்ணி பாத்திரமாவது கழுவறாங்களான்னு கேளு, போ.

சரி, சரி, கத்தாதே. நானும் கத்தல. இங்க வால்வுக்கிட்டதான் நிக்கறேன். உங்க ஆளு சாவியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. எங்க டாக்டர் உத்தரவெல்லாம் செல்லாதாம், என்ஜினீயர் சார் வாயால சொல்லணுமாம். ஸ்பீக்கர்ல போடறேன். திறக்காதேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா... லைன்லயே இருக்கணுமா?... சரி, இருக்கேன்.

இருங்கம்மா, சொல்லிடுவாரு. எங்க அண்ணன்தான். கோபம் வரும், ஆனா சொன்னாக் கேப்பாரு... குழந்தையைக் குழாய்க்கிட்ட விடாதீங்க.

அண்ணா?... அண்ணா, யார்கிட்ட பேசறே?... அண்ணா, கேக்குது! இன்னொரு போன்ல நீ பேசறதெல்லாம் இங்க கேக்குது! நான் சாம்பிள் எடுக்கறதுக்குள்ள தொட்டியில பவுடர் கொட்டச் சொல்றியா?... மூட்டை கணக்கு வரைக்கும் கேட்டுச்சு. அடப்பாவி!

இல்ல, ஸ்பீக்கரை அணைக்கல. எப்படி அணைப்பேன்? நீ நல்ல வார்த்தை சொல்லப்போறேன்னு நானே தெருவையே போன்கிட்ட கூப்பிட்டு நிக்க வச்சிருக்கேன்... என்னை ஏன் திட்டறே? நானா பேசச் சொன்னேன்?

ஆமா... எல்லாரும்தான் கேட்டாங்க. தையல்காரரும்தான்... இல்ல, அழல. சத்தம் போடல. உங்க ஆளு கையிலிருந்து சாவியை வாங்கிக்கிட்டாரு. உங்க ஆளும் குடுத்துட்டாரு... நான் ஒண்ணும் தூண்டி விடல. இருண்ணா, தையல்காரரு உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்... வச்சிடாதே... போனை வாங்க மாட்டேங்கறாரு, என்னையே கேக்கச் சொல்றாரு.

எங்க சாம்பிளுக்காகக் கொட்டற மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி, அவரு சம்சாரத்துக்காகப் போட்டிருக்கக் கூடாதான்னு கேக்கறாருண்ணா...

பதில் சொல்லு. பக்கத்துலயே நிக்கறாரு... அண்ணா?... ஹலோ?... ஹலோ?

வச்சிட்டான்.