விழுங்க வேண்டிய மருந்து

— ஏனுங் காசிமாயண்ணா, எட்டு மாசமா மருந்தெடுக்கற ஆளுக்கு ஒரு துண்டு கோழிக்கறி தொண்டையில நிக்குமுங்களா?

— நின்னுருச்சே தாயி. கேமராக் குழாய விட்டுல்ல எடுத்தாக. மெல்லாம முழுங்கிட்டேன் போல.

— நீங்களா மெல்லல? டிபன் பாக்ஸத் தொறந்தா மறுபடி மணியடிக்கிற வரைக்கும் மென்னுட்டே இருப்பீங்க. ஓவர்லாக் மிசினவிட உங்க தாடை ஜாஸ்தி ஓடுதுன்னு பக்கத்து மிசின் சகாயராஜ் சொல்லுவான்.

— சிரிக்க வைக்காத விஜயா. எரியுது.

— டாக்டரு என்னையத் தனியாக் கூப்டுக் கேட்டாருங். மருந்த ஒழுங்கா முழுங்கறாரான்னு. எனக்கு ஒண்ணும் புரியலீங், உங்களையே கேக்கச் சொல்லிட்டேன். முழுங்கறதா? நீங்க டீ டைம்ல மூச்சுலதானுங்களே இழுக்கறீங்க?

— ம்.

— ம்முன்னா?

— அது வீசிங்குக்கு இழுக்குற பம்புதான். என்னைய மட்டும் வாயில அடிச்சு முழுங்கச் சொன்னாக. முழுங்குனா அரைமணி நேரம் பச்சத்தண்ணி ஆகாது.

— நீங்க இழுத்துப்போட்டு, அது மேல பால் டீ வேற குடிக்கறீங்க! பாலும் ஆகாதுன்னாங்கல்ல?

— கம்பெனில பஞ்சு பறக்குது, பாதிப் பேரு பம்பு இழுக்குறாய்ங்க. நானும் இழுத்தா ஒருத்தன் கேக்கமாட்டான். முழுங்குனா என்னான்னு கேப்பான். சோறு எறங்கலைன்னு சொன்னா புத்துநோயின்னு முடிவு கட்டிருவாய்ங்க.

— புத்தில்லீங்ணா, அலர்ஜி. சோத்துக்குழாய் உள்ளாற தடிச்சுச் சுருங்கிக் கெடக்குதாம். முழுசாப் போகாது, மருந்தும் பத்தியமும் இருந்தா அடங்கிக் கெடக்குமாம். டாக்டரு படத்தையே காட்டுனாரு.

— எனக்குத் தெரியும். எங்கூரு உசிலம்பட்டில யாரு அந்தப் படத்தப் பாக்கப்போறா? வைகாசில மகளுக்குக் கல்யாணம். மாப்ள வீட்டு ஆளுக மூணு பேரு நம்ம லைன்லயே தைக்கிறாய்ங்க.

— ரூம்லயாச்சும் முழுங்கியிருக்கலாமுங்கல்ல?

— ரூம்லயும் அவய்ங்கதான். அப்பனுக்குத் தொண்டையில நோவுன்னா நாளைக்கு மகளுக்கும் வருமும்பாய்ங்க. கல்யாணம் நின்னுபோகும் தாயி.

— இப்ப மருந்தே கேக்கலீன்னு டாக்டரு நெனைக்கறாரு. காலைல உங்களக் கேட்டு முடிவு பண்றாராம். உள்ளதச் சொன்னா அதே மருந்து. சொல்லலீன்னா பலூன் உட்டு அகட்டறது, வேற ஊசி போடறதுன்னு போயிருமுங்.

— சொல்லிர்றேன்.

— நெசமாங்?

— சொல்றேன் தாயி. அலுத்துப்போச்சு. எட்டு மாசமா பொய்யாவே மூச்சிழுத்துருக்கேன். நீ கெளம்பு, பிள்ளைக தேடும்.

*

— குட்மார்னிங் காசிமாயன். தண்ணி இறங்குதா?

— எறங்குது டாக்டர்.

— இவர் யாரு?

— சம்பந்தியாகப் போறவரு. சேதி கேட்டு, மொத பஸ்ஸப் புடிச்சு வந்துருக்காரு.

— சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மருந்த நான் சொன்ன மாதிரிதான் எடுத்தீங்களா?

— நீங்க சொன்ன மாதிரியேதான் டாக்டர்.

— அப்ப அது உங்களுக்குக் கேக்கல. சிஸ்டர், அந்த மருந்த நிறுத்திருங்க.