அறிவியல்படி தம்பி

— அதனாலதான் சொல்றேன் குட்டி, இன்னையிலேருந்து நான் உனக்கு அண்ணன் இல்ல. இதை நான் சொல்லல. என் ரத்தம் சொல்லுது.

— உன் ரத்தம் சொல்றது இருக்கட்டும். லிஃப்ட் ரிப்பேரு, மூணு மாடி ஏறி வந்திருக்கேன். வந்த தங்கச்சியை வான்னு சொல்ல எழுந்திருக்கக்கூட மாட்டேங்குறே. ஹால் நடுவுல பாயை விரிச்சு, சாமி சிலை மாதிரி உக்காந்துக்கிட்டு, 'கதவு திறந்துதான் கிடக்கு'ன்னு சத்தம் வேற.

— கதவு காத்தோட்டத்துக்கு. இது பயிற்சி நேரம்.

— காலையிலேருந்து எத்தனை தடவை போன் பண்ணினேன்?

— கேட்டுச்சு. உள்ரூம்ல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பயிற்சி நேரத்துல நான் போனைத் தொடுறதில்ல. நீ அடுக்களைல தண்ணி எடுத்துக் குடி, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா. அப்படியே மேஜை மேல ரிப்போர்ட் இருக்கு பாரு, அதையும் எடுத்துட்டு வா.

— இந்தா தண்ணி. இந்தா உன் ஜாதகம்.

— ஜாதகம் பொறந்த நேரத்தைப் பாக்கும். இது செல்லைப் பாக்கும். ரெண்டாம் பக்கம். சத்தமா படி.

— 'வாழ்த்துகள். உங்கள் உயிரியல் வயது நாற்பத்தொன்று.' யாருக்கு? உனக்கா? போன மாசம் அறுபத்திரண்டு முடிஞ்சுதே!

— அது காலண்டர் வயசு. காலண்டரை எவன் வேணா கிழிப்பான். அறிவியல்படி நாப்பத்தொண்ணு. கல்லீரலுக்கு முப்பத்தெட்டு. கிட்னிக்கு நாப்பது.

— ஒரே உடம்புல ஆளுக்கொரு வயசா? உள்ள ஒரு கூட்டுக் குடும்பமே நடத்துறே போல.

— சிரி, சிரி. இது தவம். மத்தியானம் வரைக்கும் வெறும் வயிறு. அரிசி இல்ல, சர்க்கரை இல்ல, உப்பு பேருக்கு. அந்தப் பச்சைப் பொடியைக் கரைச்சு...

— அதுவா? பாசி புடிச்சுக் கிடக்குன்னு நினைச்சு இப்பத்தான் கொட்டிக் கழுவி வெச்சேன்.

— கொட்டிட்டியா! அது என் மத்தியானச் சாப்பாடு!

— மாத்திரைப் பெட்டியையும் பாத்தேன். அப்பா படுத்த படுக்கையா கிடக்குறவரு, அவருக்கே நாலு மாத்திரைதான். ஒரு நோயும் இல்லாத உனக்கு, தையல்காரன் பொத்தான் பெட்டி மாதிரி கட்டம் கட்டமா.

— அவருது நோய்க்கு. என்னுது நோய் வராம இருக்க. வித்தியாசம் உனக்குப் புரியாது.

— அது சரி. அண்ணி எங்க?

— அவங்க அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்னு அனுப்பி வெச்சிருக்கேன். அவளுக்கும் டெஸ்ட் எடுத்தேன், அம்பத்தொம்பது. தாளிக்கிற புகை, ராத்திரியில குறட்டை, ஓயாத கேள்வி. இதெல்லாம் என் செல்லுக்கு ஆகாது.

— நாப்பத்தொண்ணு எங்க, அம்பத்தொம்பது எங்க. அப்போ அண்ணி உன்னைக் கட்டிக்கிட்டு வந்தவங்க இல்ல, எடுத்து வளத்தவங்க. அவங்க பொறுமையைப் பாத்தா எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

— கிண்டல் போதும். வந்த விஷயத்தைச் சொல்லு.

— விஷயம் கீழ கார்ல உக்காந்திருக்கு. அப்பாதான். என் வீட்டுக்காரரு, அதான் உன் மாப்பிள்ளை, பக்கத்துல நின்னு விசிறிக்கிட்டிருக்காரு. மூணு வருஷம் நான் வெச்சுப் பாத்துட்டேன், உன்கிட்ட வாயே திறக்கல. இப்போ என் பொண்ணுக்குப் பிரசவம். சாயங்காலம் ரயில். ரெண்டே ரெண்டு மாசம் வெச்சுக்க, போதும். 'பெரியவன் வாசல்லயே நிப்பான், என்னைத் தூக்கிட்டுப் போவான்'னு வழி முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தாரு.

— அங்கதான் கடைசிப் பக்கம் வருது. உன் பொறந்த நாளைக்கு ரத்தம் எடுக்க ஆள் அனுப்பினேன்ல?

— மறப்பேனா? அண்ணன் ஏதோ கொடுத்து விட்டிருக்கான்னு ஆசையாக் கதவைத் திறந்தா, ஊசியோட ஒருத்தன் நிக்கிறான். பொறந்த நாள்னாகூட உனக்கு எடுக்கத்தான் தெரியும், கொடுக்கத் தெரியாது.

— உனக்கு அறுபத்தாறு வந்திருக்கு குட்டி.

— எனக்கு அம்பத்தாறு.

— காலண்டர்படி. அறிவியல்படி அறுபத்தாறு. நான் நாப்பத்தொண்ணு. இப்போ சொல்லு, யாரு மூத்தது? மூத்த பிள்ளைதான் என்னைப் பாக்கணும்னு அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்காரு! அவரு பேச்சை நான் மீறினதே இல்ல. அவரு உன்கிட்ட இருக்கிறதுதான் முறை... அக்கா.

— ஓகோ. அக்கா ஆயிட்டேனா? நல்லதாப் போச்சு. அப்போ அக்காவாவே கேக்குறேன்டா தம்பி. எனக்கு மட்டும் பத்து வயசு கூட ஏறினது எப்படிடா?

— அதையும் எழுதியிருக்கான், 'தூக்கமின்மை, நீடித்த மன அழுத்தம்'னு. ராத்திரி எழுந்து எழுந்து பாக்குறே. புரட்டுறே, தூக்குறே, துடைக்கிறே. ஏறாம என்ன செய்யும்? அவரு இங்க வந்தா எனக்கும் அதே கதிதான். மூணு வருஷ தவம் ரெண்டே மாசத்துல போயிடும். உனக்கு எப்படியும் ஏறியாச்சு. முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?

— அடப்பாவி! இதை எப்படிடா நெஞ்சு கூசாம சொல்றே?

— அறிவியலுக்கு வெக்கம் கிடையாது.

— உங்க ரெண்டு பேருக்கும்தான்.

— கோபப்படாத, இன்னும் ஒரு வயசு ஏறும். சரி, ரிப்போர்ட்டை நம்பலைன்னா விடு. இப்படித் தரையில உக்காந்து, கை ஊணாம எழுந்திருக்கணும். ஒரு மனுஷன் எத்தனை காலம் இருப்பான்னு அதுலயே தெரிஞ்சுடும். தினம் செய்யச் சொல்லி என் பயிற்சிக்காரன் சொல்லியிருக்கான். உன்னால முடியுமா?

— இதுவா? இந்தா உக்காந்தேன். இந்தா எழுந்தேன். கையில டம்ளரோட. ஒரு சொட்டு சிந்தல பாத்துக்க. அப்பா கட்டிலுக்குக் கீழ தினம் நான் செய்யுற வேலையே இதுதான். சொல்லு, எத்தனை காலம் இருப்பேன்?

— முதுகை வளைச்சுட்டே. கணக்குல வராது.

— எங்க, நீ வளைக்காம செஞ்சு காட்டு.

— நான் இன்னைக்குப் பாதி செஞ்சாச்சு.

— நீ எதைத்தான் முழுசாச் செஞ்சே? படிப்பும் பாதி. கடையும் பாதி. அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப பாதி ராத்திரியில கிளம்பிப் போனவன்தானே.

— அப்பவே எனக்குத் தூக்கம் முக்கியம்னு தெரிஞ்சிருந்துச்சு. அது உள்ளுணர்வு.

— தூ! உன்கிட்டப் பேசுறதும் ஒண்ணுதான், சுவத்துல முட்டிக்கிறதும் ஒண்ணுதான். சுவராவது நாளைக்கு எனக்கு வயசு குறைஞ்சுதுன்னு சொல்லாது. நான் கிளம்புறேன். ரயிலை விட்டுடறேன். பொண்ணுகிட்ட, உன் மாமாவுக்கு நாப்பத்தொண்ணுதான் ஆகுதாம், விளையாட்டுப் புள்ள, அவன்கிட்ட வயசானவரை விட முடியாதுன்னு சொல்லிக்கிறேன். கதவைத் திறந்தே போட்டுட்டுப் போகவா, சாத்திட்டுப் போகவா?

— குட்டி.

— அக்கா.

— குட்டி, நில்லு. போகாத. அப்பா இங்கயே இருக்கட்டும்.

— என்ன சொன்னே?

— இருக்கட்டும்னு சொன்னேன். ரெண்டு மாசம்னாலும் சரி, நாலு மாசம்னாலும் சரி.

— வாசப்படி வரைக்கும் வர்றதுக்குள்ள மனசு மாறிடுச்சா? செல்லு ஒத்துக்குமாடா?

— அதெல்லாம் ஒத்துக்கும். அண்ணிக்கும் நீயே போன் போட்டு வரச் சொல்லிடு. மாப்பிள்ளையை மேல வரச் சொல்லு.

— மாப்பிள்ளை எதுக்கு? உன் அப்பா. உனக்கு நாப்பத்தொண்ணு. கல்லீரலுக்கு அதுக்கும் கம்மி. இறங்கிப் போய் நீயே தூக்கிட்டு வா.

— அப்பாவைத் தூக்க இல்ல. என்னைத் தூக்க. விடியக்காலையில உக்காந்தேன் குட்டி, இன்னும் எழுந்திருக்க முடியல.