கடல் மீனுக்கு நல்ல தண்ணி

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரண்டு ஆசிரியைகள். இளையவள் சொன்னாள்:

"நல்ல தண்ணியாலைதான் என்ரை மீனெல்லாம் செத்தது, அக்கா."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"அதுகள் கடல் மீன். தொட்டியிலை தண்ணி வத்தினால் உப்பு கூடாமல் நல்ல தண்ணி விட, மோட்டரைத் தானா ஓட்டுற மைக்ரோகன்ட்ரோலர் ஒண்டு நானே பூட்டினனான். மட்டம் பாக்கிற மிதவையிலை நத்தை ஏறி இருந்திட்டுது. மிதவை தாழ, தண்ணி குறைவெண்டு மோட்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கு. தொட்டி வழிஞ்சு உப்பெல்லாம் போயிட்டுது."

"ஐயோ! ஒண்டும் தப்பேல்லையோ?"

"இல்லை அக்கா. நாலு வருசம் வளர்த்தனான். என்ரை கையிலையிருந்துதான் தீன் எடுக்கிறதுகள்."

மூத்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வகுப்பிலை நிக்கேக்கை, 'தண்ணி விட்டாச்சு' எண்டு ஃபோனுக்கு மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொண்டுக்கும் சந்தோசப்பட்டனான்."