வெற்றுக் கட்டத்துக்குப் பூஜ்யம் போடாதவர்

'சீக்கிரம் முடித்துவிட்டால் தேவலை. வெளியே வெயில் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம்.'

அன்பும் அமைதியும் ஒருங்கே வாய்த்த எங்கள் அக்னஸ் மேடம் அவர்களே! பணி ஓய்வு பெற்று மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் இந்த நிமிடத்தில் உங்கள் மனத்தில் ஓடுவது இதுதான். இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்த எங்களுக்கு இதுகூடவா தெரியாது! சற்றே பொறுத்தருளுங்கள். ஜனவரி வெயில் மயூர் விஹார் மொட்டை மாடிகளை விட்டு அவ்வளவு விரைவில் இறங்கிவிடாது.

நம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உளவியலாளராக வந்த உங்களிடம்தான் நோயாளிகள் நிரப்பும் கேள்வித்தாள்களுக்கு மதிப்பெண் முறை அமைக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா என்று தொடங்கி, வாழ வேண்டாம் என்று தோன்றியதா என்பதில் முடியும் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. கூட்டி வரும் எண்ணை வைத்துத்தான் யார் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், யார் வீட்டுக்குப் போகலாம் என்பது முடிவாகும்.

எண்ணுக்குள் மனிதரைத் தேடியவரே! ஒரு தாளைப் படிப்பீர்கள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிவிடுவீர்கள். பனிமூட்டத்துக்குள் மெட்ரோ ரயில் தெரியாது, அதன் வெளிச்சம் மட்டும் மிதந்து போகும். உங்கள் கண்களும் அதனோடு போகும். "மேடம், கனவுலேர்ந்து ஜல்தி எறங்குங்க, டீ ஆறிப்போச்சு" என்று கணினிப் பிரிவு ஜோஷ்வா கேலி செய்வார். "ஆறின டீதான்பா யோசிக்க நல்லது" என்பீர்கள். தூக்கத்துக்கு நேரே 'மூன்று' என்று குறித்த யாரோ ஒருவரின் விழித்த இரவுக்குள் நீங்கள் நடந்துகொண்டிருந்தீர்கள் என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது.

மோதி பாக்கிலிருந்து வந்த அந்த அம்மாவை யாரால் மறக்க முடியும்? பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. டெல்லியிலேயே பிறந்த மகனுக்கு இந்தித் தாள்தான் கைவந்தது; அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அவரே நிரப்பினார். தாழ்வாரத்து பெஞ்சில் மகன் கேட்டதெல்லாம் பதிவு மேசையிலிருந்த செல்வியின் காதில் விழுந்தது.

"அம்மா, நீந்த் எப்டி இருக்கு? தூக்கம், தூக்கம்!"

"அச்சாதான்டா, எழுதிக்கோ."

"பசி?"

"அதுக்கென்ன, உன்னைவிட ஜாஸ்தி."

கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. சாக வேண்டுமென்று தோன்றுகிறதா என்று எந்த மகனால் தாயிடம் கேட்க முடியும்! கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாளை நீட்டிவிட்டார். வெற்றுக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. 'கவலைப்பட ஒன்றுமில்லை' என்று முடிவு வந்தது. அவர்கள் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்கள்.

தாளைப் பார்த்த நீங்கள் மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினீர்கள். அம்மாவை மட்டும் உள்ளே அழைத்துவந்து கதவைச் சாத்தினீர்கள். என்ன பேசினீர்களோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அன்றே அவர் வார்டில் சேர்க்கப்பட்டார்; பிழைத்தார்.

"இது பூஜ்யம் இல்ல ஜோஷ்வா. அந்தப் புள்ளைக்குக் கேக்க வாய் வரல, அவ்வளவுதான். வாய் வராததுக்கு நாம மார்க் போட்டுரலாமா?"

அன்று மாற்றினீர்கள் முறையை. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் கூட்டுத்தொகை திரைக்கு வராது. நம்மில் ஒருவர் போய் நோயாளியைத் தனியாக, அவர் மொழியில் கேட்டுவர வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாயினும், அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு எங்களுக்குள்ளும் ஏதோ இளகியது. எங்களில் சிலர் வீட்டுக்குப் போய், பல வருடம் பக்கத்திலேயே படுத்திருந்தவர்களிடம் முதல் முறையாக, "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டோம். பதில் வரும்வரை காத்திருக்கவும் செய்தோம்.

பொறுமையின் புகலிடமே! முழங்கால் வலி இந்தக் குளிரோடு போகட்டும். உறக்கம் உங்களுக்கு உடன்பிறப்பாய் இருக்கட்டும். நோயும் நொடியும் அணுகாமல், நினைத்தபோது நினைத்த இடத்தில் கனவு காண நெடுநாள் வாழ்க!

சென்ற வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். முன்வரிசையிலிருக்கும் நிர்வாக அதிகாரி தர்மன் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் கொண்டுவந்த புதிய திட்டப்படி இனி நோயாளிகள் கைபேசியிலேயே விடை குறிப்பார்கள். விட்டுப்போன கட்டங்கள் பூஜ்யமாகிவிடும். வரிசை வேகமாக நகரும். முறை சரியென்று நீங்கள் கையெழுத்திட்டால்தான் தொடங்க முடியும். "போறப்ப ஒரே ஒரு கையெழுத்து மேடம். உங்க பேர்லயே இருக்கட்டுமே" என்று பேனாவைத் திறந்தே கொடுத்தார் சார்.

நீங்கள் அதை வாங்கி, மூடி, அவர் பக்கமே மெல்ல நகர்த்தி வைத்தீர்கள்.

"நான் போடல சார்" என்றீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பில் வளர்ந்த
மனநலப் பிரிவுப் பணியாளர்கள்,
டெல்லி