ஆசிட் ஊற்றிய சுவர்

தனுஷ்கோடி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் நடுவயதுத் தோழிகள் இருவர். சன்னலோரம் இருந்தவர் சிரித்தபடி ஆரம்பித்தார்.

"எங்கய்யா பொறந்த வீட்டுச் சுவத்துல ஆசிட் ஊத்துனவதானடி நீ!"

"காலேஜுல ஜியாலஜி மேடம்தான ஆளுக்கொரு கல்லு கொண்டாரச் சொன்னாக. பி.காம் பிள்ளைகளுக்கு எதுக்குப் பாறை லேபுன்னு நாங்கெல்லாம் ரோட்டு ஜல்லியப் பொறக்கிட்டு வந்தோம். நீதான் புயல்ல இடிஞ்ச உங்கய்யா வீட்டுலருந்து பவளக்கல்லக் கொண்டாந்த."

"நீ ஊத்துன ஆசிட்டுக்கு ஜல்லியெல்லாம் சும்மா கெடந்துச்சு. எங்க கல்லு மட்டும் பொஸ்ஸுன்னு நுரைச்சுச்சே!"

"அது சுண்ணாம்பு, நுரைக்கத்தான செய்யும். மேடம் திட்டத் திட்ட நீ ஏன்டி அதுகிட்டயே காத வச்சிக்கிட்டு இருந்த?"

இருபுறமும் கடல் வந்துவிட்டது. சன்னலோரம் இருந்தவர் வெளியே பார்த்தபடி சொன்னார்.

"புயலுக்கப்பறம் அந்த வீட்டுலருந்து சத்தம் வந்தது அன்னைக்கு மட்டுந்தான்டி."