உப்பு ஏணியும் ஈரத்துண்டும்

இல்லம்மா, நிறுத்த வேணாம், ஓடட்டும். சும்மா எட்டிப் பார்த்தேன். உன் காதுல மாட்டியிருக்கறதுலேர்ந்து லேசா வெளிய கசியுது, அதான். உப்பு ஏணி தானே? அந்தப் பொண்ணு பாடுனது. உன் பையில அவ படத்தைப் பார்த்தப்பவே நினைச்சேன்.

எனக்குத் தெரியுமாவா? நல்லா கேட்டே போ. முப்பது வருஷமா அந்தப் பாட்டோடதாம்மா என் குடித்தனம். நீ கேக்கறது நாலு நிமிஷம். பழசு அப்படியில்ல, அந்தக் காலத்து பேண்டு ஒண்ணு போட்டது, ரெக்கார்டுல ஒரு பக்கம் முழுக்க அது ஒண்ணுதான். துணியை அலசிக் காயப்போட்டுட்டு உள்ள வந்தா, அப்பவும் பாட்டுல வர்ற ஆளு ஏணியில ஏறிக்கிட்டே இருப்பான். உப்பால செஞ்ச ஏணி, மேல மேகம் கட்டுது, அவன் உச்சிக்குப் போறதுக்குள்ள மழை வந்துருமா வராதா, இதான் கதை. நடுவுல டிரம்ஸ்காரன் ஏழு ஏழா அடிப்பான். எங்க வீட்டுக்காரரு சாப்பிடும்போதுகூட தட்டுல விரலால ஏழு தட்டுவாரு.

அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பெரிய பெரிய கட்டடத்துல மோட்டார் ரூமுக்குள்ளயே பாதி ஆயுசு போச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா, கண்ணாடிக்கடைக்காரரும் இன்னொரு சிநேகிதரும் வந்துருவாங்க. மூணு பேரும் முன்ரூம்ல கண்ணை மூடி உட்கார்ந்துருப்பாங்க. நான் காபி எடுத்துட்டு பூனை மாதிரி போகணும். அதிர்ந்து நடந்தா ரெக்கார்டு மேல ஓடுற முள்ளு தாவிருமாம். ஒருதடவை நான் சும்மா இருக்காம, அந்த மூணாவது பாகத்துல சின்னப் புல்லாங்குழல் இறங்கி இறங்கி வருதே, கீழேர்ந்து யாரோ அவனை இறங்கி வான்னு கூப்பிடற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன். மூணு பேரும் கண்ணைத் தொறந்து பார்த்தாங்க. இவரு சிரிச்சுக்கிட்டே, உனக்குக் கேக்கத் தெரியாது, பிஸ்கட் இருந்தா எடுத்துட்டு வான்னாரு. எடுத்துட்டுப் போனேன்.

உன் பஸ்ஸு எது? அதுவா, அது இப்போதைக்கு வராது, உட்காரு.

இப்ப நாலஞ்சு மாசம் முன்னாடி இந்தப் பொண்ணு அதைப் பாடி விட்டாளா, போச்சு! போன்ல இவங்களுக்கு ஒரு குரூப்பு இருக்கு, அந்தப் பழைய பேண்டோட ரசிகர்ங்க. ஊர் ஊரா ஆளுங்க. அங்க இழவு விழுந்த மாதிரி ஆயிருச்சு. ஏழை நாலாக்கிட்டாங்கறாங்க. ஆமாம்மா, ஏழு தட்டுற இடத்தையெல்லாம் நாலு தட்டாக்கி ஆடுற மாதிரி பண்ணிட்டாள்ல, அந்தக் கோவம். நான் முதல்ல ஏதோ ஏழைபாழைங்க விஷயம்னு நினைச்சு உச்சு கொட்டுனேன்.

எல்லாரைவிடவும் சத்தமா குதிச்சது எங்க வீட்டுக்காரருதான். கோயிலை இடிச்சுக் கடை கட்டுன மாதிரி இருக்குன்னு எழுதுனாரு. மூணாம் பாகத்துப் புல்லாங்குழலைத் தூக்கிட்டு அந்த இடத்துல வாயால முனகுறா, வெட்கமில்லாம அதுக்குக் கைதட்டுறீங்கன்னு எழுதுனாரு. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. ஒருத்தரைத் தவிர.

ஈரத்துண்டுன்னு ஒரு பேரு. ஆமா, சிரிப்பாதான் இருக்கு. அந்தக் குரூப்புல யாரும் சொந்தப் பேருல இருக்கறதில்ல. அது எழுதுச்சு: ஐயா, பெரியவங்க போட்ட கோட்டுச் சட்டையைப் பிரிச்சு இன்னொருத்தருக்குத் தைக்கும்போது, அதே அளவுல தைச்சா யாரு போடுவா? துணி நல்ல துணியாங்கறதுதான் கேள்வி. ஒரு பொண்ணு தன் உடம்புக்குப் பொருந்தற மாதிரி பிடிச்சுத் தைச்சிருக்கா, அவ்வளவுதான்னு. எங்க வீட்டுக்காரரு போனைத் தூக்கிட்டு வீடு பூரா நடக்கறாரு. யாருடா இவன், காலேஜ்ல படிக்கற பொடியனா இருப்பான், தையக்காரன் மாதிரி பேசறான்னாரு. அப்புறம் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பதில் எழுதுனாரு.

அன்னைலேர்ந்து தினம் ரெண்டு பேருக்கும் சண்டைதான். ஆனா உனக்கு ஒண்ணு சொல்லணும், அந்தச் சண்டையில அவரு அழகா இருந்தாரும்மா. எதிராளி சொல்றதை எடுத்து, யோசிச்சு, நீ சொல்றதுல இந்த இடம் நியாயம், இந்த இடம் தப்புன்னு எழுதுவாரு. என்கிட்ட அப்படி ஒருநாள் பேசுனதில்ல. அப்பல்லாம் வீட்ல நான் ஏதாவது கேட்டா பதிலே வராது. கண்ணாடிக்கடைக்காரரு வாசல்லேர்ந்து பேசுனா உடனே எழுந்திரிப்பாரு. நான் பக்கத்துல நின்னு நாலு தடவை கூப்பிட்டாலும் சுவத்தைப் பார்த்துட்டு இருப்பாரு. பொண்டாட்டி பேச்சுன்னா அவ்வளவு இளப்பமான்னு எனக்கு உள்ள கொதிக்கும். ஒருநாள் அந்த சிநேகிதருங்க முன்னாடியே, என்ன காது அடைச்சுப்போச்சான்னு கத்திட்டேன். அவரு முகம் ஒருமாதிரி ஆச்சு. திமிருன்னு நினைச்சேன்.

அப்பதான் அது நடந்துச்சு. குரூப்புல யாரோ பழைய கச்சேரி ஒண்ணோட பதிவைப் போட்டாங்க. இவரு உடனே, ஆஹா, இந்தப் புல்லாங்குழலைக் கேளுங்கய்யா, இதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணோட முனகல் நிக்குமான்னு எழுதிட்டாரு. ஈரத்துண்டு கேட்டுப் பார்த்துச்சு. ரெண்டு தடவை கேட்டுச்சு. அப்புறம் எழுதுச்சு: ஐயா, இதுல புல்லாங்குழலே இல்லையே. வாசிக்கறவரு அன்னைக்கு மேடைக்கே வரலை. இல்லாததைக் கேக்கறதுக்கு உங்களால மட்டும்தான் முடியும்.

ஐயோ, அப்புறம் ஆடித் தீர்த்துட்டாங்க. இவரு பக்கம் நின்னு ஆமா ஆமான்னவங்களே காது படம் போட்டு சிரிக்கறாங்க. கண்ணாடிக்கடைக்காரரும் சிரிச்சு ஒண்ணு போட்டாரு. எங்க வீட்டுக்காரரு அந்த ஞாயித்துக்கிழமை தலைவலின்னு படுத்துட்டாரு. ரெக்கார்டெல்லாம் எடுத்து பீரோ மேல, கைக்கு எட்டாத இடத்துல வச்சாரு. லிஃப்ட் வேலையில கதவுல காதை வச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்றவரும்மா அவரு. இப்ப ரொம்ப நாளா உள்ளங்கையை வச்சுத்தான் பார்க்கறாராம், அதிருதான்னு. அது அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

ஆமா, அதேதான். காது. மெல்லிசா உச்சத்துல வர்ற சத்தமெல்லாம் மொதல்ல போயிருச்சு. புல்லாங்குழல் போச்சு, அழைப்பு மணி போச்சு, பொம்பளைங்க குரலு பாதி போச்சு. கண்ணாடிக்கடைக்காரரு குரலு கட்டை, அது கேக்கும். பழைய பாட்டை அவரு ஞாபகத்துலதான் கேட்டுக்கிட்டிருந்தாரு. புல்லாங்குழல் வர்ற இடத்துல மனசுக்குள்ள அவரே ஊதிக்கிட்டாரு.

இதையெல்லாம் அவரு வீட்ல சொல்லல. சிநேகிதருங்ககிட்ட சொல்லல. யாருகிட்ட சொன்னாரு தெரியுமா? தன்னை அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுத்துன அந்த ஈரத்துண்டுக்குத் தனியா எழுதுனாரு. நீ சொன்னது சரிதான் தம்பி, எனக்குக் கேக்கலைன்னு. இன்னொண்ணும் எழுதுனாரு. அந்தப் பொண்ணு பாடுனதை நான் முழுசாக் கேட்டேன், அவ குரலு அடியில ஓடுது, புல்லாங்குழல் வர்ற இடத்தை அவ தாழ்த்தித் தாழ்த்திப் பாடறா, ரெண்டு வருஷமா கேக்காம இருந்த அந்த மெட்டு எனக்குக் காதால கேட்டுச்சு, கேட்டு அழுதேன், அந்த வெட்கத்துலதான் உன்கூட இத்தனை நாளு சண்டை போட்டேன்னு. என் சம்சாரத்துக்குக் கேக்கத் தெரியாதுன்னு நான் அந்தக் காலத்துல சொல்லியிருக்கேன், இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவகிட்ட சொல்வேன்னு.

அப்புறம் தினமும் எழுதுனாரும்மா. வேலை பயமா இருக்கு, மோட்டார் சத்தம் தெரியாம யாரையாவது உள்ள மாட்டிவிட்டுருவேனோன்னு. ஒருநாள் எழுதுனாரு: என் சம்சாரம் இப்பல்லாம் ரொம்ப சத்தமா பேசறா, என்மேல ஏதோ கோவம்னு நினைக்கறேன்.

கேப்பே, கேப்பேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். யாருகிட்டயும் சொல்லாதது எனக்கெப்படித் தெரியும்னுதானே? போனை நோண்டிப் பார்க்கலம்மா. அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது.

எனக்குத்தான் எழுதுனாரு. அன்னைக்குக் குரூப்புல சேரும்போது என்ன பேரு வேணும்னு போன் கேட்டுச்சு, கையில ஈரத்துண்டு இருந்துச்சு, அதையே போட்டேன். துணி ஆல்டர் பண்ற கடை வச்சிருக்கேன் நானு. கதவைச் சாத்திட்டு, துணி போட்டுப் பார்க்கற அந்த இடுக்குல உட்கார்ந்துதான் எல்லாம் எழுதுனேன். ஒருதடவையாவது என் பேச்சை அவரு காது கொடுத்துக் கேக்கணும்னு ஆரம்பிச்சது. ஜெயிச்ச அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.  காது விஷயம் தெரிஞ்ச உடனே நான்தான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. சொல்லிட்டா அவரு எழுதறதை நிறுத்திருவாரேன்னு, அவரு வேற யாருக்கோன்னு நினைச்சுச் சொன்னதையெல்லாம் திருடி வாங்கிக்கிட்டேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி காபி போட்டேன்.

எதிர்த்தாப்புல அந்த காபிக் கடை தெரியுதா, ஜன்னல் பக்கம் நீலச் சட்டை? அவருதான். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. மாடியில காது டாக்டரு. தனியாப் போக தைரியமில்ல, வீட்ல சொல்ல முடியாது, நீ கூட வர்றியா தம்பின்னு ஈரத்துண்டைக் கூப்பிட்டாரு. வர்றேன்னு எழுதிட்டேன்.

உண்மையைச் சொல்லிடறேன், உன் பையைப் பார்த்துட்டு, உன்னையே ஈரத்துண்டுன்னு உள்ள அனுப்பிரலாமான்னுதான் பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். தம்பி இல்ல, பொண்ணுன்னு சொல்லிக்கலாம், எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா நீ சமாளிச்சுருவேன்னு. பயப்படாதே, அனுப்பல. கேட்டேன்னா நீ போவே, உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. அது இன்னொரு திருட்டு.

வாசலையே பார்த்துக்கிட்டிருக்காரு பாரு. யாரு உள்ள போனாலும் பாதி எழுந்திரிக்கறாரு.

போறேம்மா. எதிர்ல உட்கார்ந்தா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாரு, இல்ல? கத்தக் கூடாது, கத்துனா கோவம்னு நினைச்சுக்குவாரு. கொஞ்சம் அடிக்குரல்ல, நிதானமா... இப்ப உன்கிட்ட பேசிட்டிருக்கேனே, இந்தக் குரலு போதுமா? இதைவிடக் கொஞ்சம் கீழ இறக்கணுமா?